தலைகுனிந்த பொய்ப்புறாக்கள் குறித்து அரசி கொற்றவேண்மாள் தம்பிக்கு விடுத்த ஓலை

வாழ்க மலை. வாழ்க அம்மலையினின்று இழிந்து வரும் ஆறு. அந்த ஆறு பாயும் நிலமும், அந்நிலத்தை உழுவோரும், அவ்வுழவால் உண்போரும் நீடு வாழ்க.

முகில் உறங்கும் மாண்குன்றத்தில் வீற்றிருந்து, வரையாட்டுக் கொடியின் கீழ் மலைநாடும் சமவெளியும் ஒருங்கே புரந்துவரும், தந்தை தந்த அரியணையும் தாய் தந்த பிடிவாதமும் உடைய பேரரசி கொற்றவேண்மாள், கிழக்கே கழனிவாயில் கோட்டைக்கு உரியோனும், புறாக்கொடி உயர்த்தோனும், குதிரை ஏற்றத்தில் நிகரற்றோனும், நம்மோடு ஒரு வயிற்றில் பிறந்த இளையோனுமாகிய இளவேள் தென்கடம்பன் காணும்படி விடுக்கும் ஓலை. நின் ஏரிகள் கரை ததும்புக. நின் களஞ்சியங்களில் எலி புகாதொழிக. சென்ற கார்காலத்தில் நின்னை வருத்திய பல்வலி மீண்டும் வாராதொழிக.

தம்பி, உன் ஓலை வந்தது. குதிரைக்காரன் நுரை தள்ளக் கொண்டுவந்த அதை அவையில் வாசிக்கக் கேட்டோம். உன் ஆட்சிக்கு உட்பட்ட பயற்றூரில், புதிதாக விதைத்த நிலத்தின் நடுவே, புறா வடிவில் செய்த உருக்கள் பிறைபோல் வளைத்து நிறுத்தப்பட்டிருந்தன என்றும், ஒவ்வொன்றின் வயிற்றிலும் குச்சி குத்தியிருந்தது என்றும், அத்தனையும் தலையைத் தாழ்த்தி மேற்கே நம் மாண்குன்றத்தை நோக்கி நின்றன என்றும் எழுதியிருந்தாய். அது பகைவர்க்குப் பயிற்றும் பிறை வியூகம் என உன் படைத்தலைவர் துணிந்து சொன்னாராம். படமும் வரைந்து அனுப்பியிருக்கிறார். வயிற்றில் குத்திய குச்சி பில்லியின் பாற்பட்டது என உன் நிமித்திகர் கண்டறிந்தாராம். கழனிவாயிலின் கொடிப்பறவை மலைக்குத் தலைவணங்கி நிற்பதாகக் காட்டி, உன்னை ஊரார் எள்ளி நகையாடினர் என்பது நீயே கண்ட முடிவு.

இவ்வளவு வரைக்கும் நாம் சிரித்துக்கொண்டுதான் கேட்டோம். அவையும் சிரித்தது. பிறகு எழுத்தர் அடுத்த வரியை வாசித்தார். அவ்வுருக்களைச் செய்தவன் தானே என்று ஒப்புக்கொண்ட புள்வேட்டுவன் வீரணனை, வரும் முழுமதி நாளில், உன் கோட்டை வாயிலில், ஊரார் காண இரு கையும் துணிக்குமாறு ஆணையிட்டிருக்கிறாய். சிரித்த வாய் அப்படியே நின்றுவிட்டது. அதற்குமேல் அன்று அவையை நடத்த மனம் வரவில்லை.

ஓலையின் அடியில், இச்செயலுக்குப் பின்னால் வேறு எவரேனும் உளரோ என்று ஒரு கேள்வியை மெல்ல வைத்திருக்கிறாய். அது எவரைக் குறிக்கிறது என்று நமக்குத் தெரியாமல் இல்லை. அதற்கு விடை பின்னே வரும். முதலில் புறாவுக்கு வருவோம்.

உன் குதிரைக்காரன் திரும்புவதற்கு முன்பே வேறொருத்தி மலையேறி வந்துவிட்டாள். வீரணனின் மனைவி ஒச்சாயி. தோளில் ஒரு சாக்கு, அதற்குள் காய்ந்த சுரைக்குடுக்கைகள். வாயிற்காவலர் தடுத்தனர். அவள் போட்ட சத்தம் உள்மாடம் வரைக்கும் கேட்டது. தடுத்தவர்களே வழிகாட்டி அழைத்து வந்தார்கள். அவை நடுவே நின்று அவள் சொன்னதை, சொன்னபடியே எழுதுக என்றோம். எழுத்தர் முகம் சுளித்தார். அரச ஓலையில் இப்படிப்பட்ட பேச்சு ஏறலாகாது என்றார். ஏறட்டும் என்றோம்.

அவள் சொன்னது இது: "செஞ்ச கை இது ஆத்தா. அந்த மனுசனுக்கு ஒரு சுரைக்காயப் பக்குவமா அறுக்கக்கூடத் தெரியாது. என்னையக் காப்பாத்தத்தான் தன் கையக் குடுக்குறாரு. வெட்டணும்னா இத வெட்டச் சொல்லுங்க."

இரு கையையும் நம் முன்னே நீட்டிக்கொண்டு நின்றாள். நகக்கண்ணெல்லாம் சாம்பல். அவள் அழவில்லை. அழுதிருந்தால் நமக்குச் சற்று எளிதாய் இருந்திருக்கும்.

அவளை அமரச் செய்து, நீர் தந்து, இது என்ன தொழில், இவ்வுருக்கள் எதற்கு என்று கேட்டோம். விதைத்த பயற்றை மண்ணைக் கிளறித் தின்ன வரும் மாடப்புறாக்களை, மண்ணுருண்டை எறியும் உண்டைவில்லால் அடிப்பதே அவர்கள் தொழில். விதைப்புக் காலத்தில் புறா அடிக்கலாம் என்பது நீயே தந்த ஆணை. உன் முத்திரை பயற்றூர் மன்றத்தில் தொங்குகிறதாம். ஆனால் வில்லுக்கு எட்டும் தொலைவில் புறா தானாக வந்து அமருமா? அதற்குத்தான் பொய்ப்புறா. நிலத்தில் தன் இனம் மேய்கிறது என்று கண்டால் வானத்துப் புறா நம்பி இறங்கும். உயிருள்ள புறாவைக் கொல்வதில் குற்றம் காணாத நீ, சுரைக்காயில் ஒன்றைச் செய்ததற்குக் கை துணிக்கத் துணிந்தாய் என்பதை எண்ணிப் பார்த்தோம். வியப்பாக இருந்தது.

அந்த வேட்டுவர் குடியில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பொய்ப்புறாவைச் செய்வது பெண்கள். நிலத்தில் நடுவது ஆண்கள். வீட்டு வாசலைத் தாண்டிய உருவைப் பெண் தொடலாகாது, அது நிலத்தில் நிற்பதைப் பார்க்கவும் கூடாது. பார்த்தால் அந்தப் பருவம் முழுதும் புறா இறங்காது என்பது அவர்கள் நம்பிக்கை. ஆகவே வாசல் வரைக்கும் உள்ள கலை முழுதும் ஒச்சாயிக்குத் தெரியும். வாசலுக்கு அப்பால் அவை ஏன் மேற்கே பார்த்தன, ஏன் பிறைபோல் நின்றன என்று கேட்டால், அவள் கையை விரிக்கிறாள். நடத் தெரிந்த ஆண்களோ உன் குதிரைவீரர்க்கு அஞ்சிக் காட்டுக்குள் ஓடிவிட்டார்கள். நடுவதில் தேர்ந்தவன் உன் சிறையில் இருக்கிறான்.

உனக்குத் தெரியும், ஒரு காரியம் விளங்காவிட்டால் நமக்குச் சோறு இறங்காது. உடனே அவனை விடு என்று ஒற்றை வரி எழுதி முத்திரையிட்டிருக்கலாம். விட்டிருப்பாய், ஆனால் அக்காள் எதையோ மறைக்கிறாள் என்ற எண்ணத்தை மட்டும் விட்டிருக்க மாட்டாய். எனவே அரச காரியங்களை அமைச்சரிடம் தள்ளிவிட்டு, நாமே பொய்ப்புறா செய்ய உட்கார்ந்தோம்.

அது எப்படி ஆகிறது என்பதைக் கேள். சுரைக்கொடியில் பிஞ்சு விரல்போல் இருக்கும்போதே, அதன் கழுத்தில் நாரைக் கட்டி வளைத்து இழுத்து வைத்துவிடுகிறார்கள். காய் வளர வளரக் கழுத்து வளைந்தே வளர்கிறது. காயைப் பறித்து, அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிட்டு, உள்ளே விதை கலகலக்கும் வரைக்கும் காயவைத்து, விதையைக் கொட்டிவிட்டு ஓட்டையைத் தேன்மெழுகால் அடைக்கிறார்கள். காம்பே அலகு. புளியங்கொட்டைப் பசையில் சலித்த சாம்பலைக் குழைத்துப் பூசினால் உடல். விளக்குக் கரியால் இறக்கைக்கு இரண்டு கோடு. கழுத்தில் ஒரு பச்சை மினுக்கம் வேண்டும் அல்லவா, அதற்குப் பொன்வண்டின் சிறகைப் பொடித்து ஒட்டுகிறார்கள். கண்ணுக்குக் குன்றிமணி. நம் அரண்மனைக் கூரையில் ஆயிரம் புறா பார்த்திருக்கிறோம். அதன் கண் சிவப்பு என்பதை இப்போதுதான் கண்டோம்.

நாமும் ஒன்று செய்தோம். பசை நீர்த்துவிட்டது, சாம்பல் திட்டுத் திட்டாக வழிந்தது. ஒச்சாயி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதப் பாத்துப் புறா வராது ஆத்தா, பூனைதான் வரும்" என்றாள். அவையோர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நம் முகத்தைப் பார்த்தனர். கணவன் கை போகுமோ என்று மலையேறி வந்த ஒருத்திக்கு அந்த நேரத்திலும் வாய் சும்மா இருக்கவில்லை என்பது நமக்குப் பிடித்திருந்தது. இரண்டாவது உரு தேறியது.

இடையில் நம் ஓவியர்க்கும் ரோசம் வந்தது. மரத்தில் கடைந்து, அரக்குப் பூசி, கண்ணாடிபோல் மெருகேற்றிச் சில புறாக்களைக் கொணர்ந்தார். அழகென்றால் அழகு. வெட்டவெளியில் வைத்ததும், வந்த புறாக்கள் பாதி வானத்திலேயே திரும்பிப் பறந்தன. வெயிலில் பளபளக்கும் பறவை உலகில் இல்லை. பளபளப்பது கத்தி, குடம், ஆளின் நகை. புறாவுக்கு அது தெரிகிறது. ஓவியர் அவற்றை எடுத்துச் சென்று தம் மகள் திருமணத்துக்கு வைத்திருக்கிறார்.

வயிற்றில் குத்திய குச்சியைப் பற்றி ஒச்சாயியிடம் கேட்டோம். உன் நிமித்திகர் சொன்ன பில்லிக் கதையையும் எடுத்துச் சொன்னோம். அவள் நம்மை ஏற இறங்கப் பார்த்தாள். "காலில்லாம எப்படி ஆத்தா நிக்கும்?" என்றாள். அவ்வளவுதான். வளையும் மூங்கில் விளாராக இருந்தால், லேசான காற்றுக்கும் உரு மேலும் கீழும் ஆடும். மேய்வது போலவே இருக்கும். உன் நிமித்திகருக்கு இதை நீயே சொல்லிவிடு.

தலை குனிவுக்கு அவள் சொன்ன விடை, நிமிர்ந்த புறா எதையோ கண்டுவிட்ட புறா என்பது. நாம் அதை அப்படியே ஏற்கவில்லை. உப்பரிகையில் அமர்ந்து கூலக்கிடங்கின் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சிந்திய தானியத்தைப் பொறுக்கும்போது அத்தனையும் குனிந்தே இருந்தன. ஒரு பருந்தின் நிழல் முற்றத்தைக் கடந்தது. ஒரே நொடியில் அத்தனை தலையும் நிமிர்ந்தன. அடுத்த நொடியில் முற்றம் காலி. குனிந்த தலை என்பது பசி, தம்பி. வயிறு நிறையும் இடத்தில் அச்சமின்றி நிற்கும் ஓர் உயிரின் தலை. அதில் வணக்கம் எங்கே இருக்கிறது?

இனி வாசலுக்கு அப்பால். அரண்மனைக்கு மேற்கே, சரிவில், நம் பழைய போரடிக் களம் உனக்கு நினைவிருக்கும். அங்கே நாமே நடத் தொடங்கினோம். ஒச்சாயி கண்ணை மூடிக்கொண்டு மறுபக்கம் திரும்பி நின்றாள்; எவ்வளவு சொல்லியும் பார்க்க மறுத்துவிட்டாள். முதலில் வரிசை வரிசையாக நெருக்கி வைத்தோம். புறாக்கள் வந்தன, வட்டமிட்டன, இறங்க இடம் இல்லாததுபோல் போய்விட்டன. அப்போதுதான் உன் படைத்தலைவர் வரைந்தனுப்பிய வியூகப் படம் நினைவுக்கு வந்தது. கொண்டுவரச் செய்து, அதைக் கையில் பிடித்துக்கொண்டே பிறைபோல் வளைத்து நட்டோம். நடுவில் வெற்றிடம் கிடைத்தது. இறங்கும் பறவைக்கு முற்றம் கிடைத்ததுபோல் ஆயிற்று. படைத்தலைவர்க்கு நம் நன்றியைச் சொல்.

ஆயினும் புறா இறங்கவில்லை. உன் ஓலை சொன்னபடி அவற்றின் முகத்தை நம் அரண்மனையை நோக்கியே வைத்திருந்தோம். அது களத்துக்குக் கிழக்கு. எல்லாம் தலைகுனிந்து நம் மாளிகையை வணங்கிக்கொண்டு நின்றன. வானத்துப் புறா ஒன்றுகூட அந்த வணக்கத்தை மதிக்கவில்லை. அமைச்சர் வடக்கே திருப்பினால் மங்கலம் என்றார். நம் நிமித்திகர் விண்மீன் கணக்கு ஒன்று சொன்னார். அந்த நேரத்தில் ஆடிக்காற்று ஒன்று மேற்கே மலைக்கணவாயிலிருந்து இரைந்து வந்து, அமைச்சரின் தலைப்பாகையைத் தூக்கிக்கொண்டு போயிற்று. அவர் பின்னாலேயே ஓடினார்.

நாம் காற்றுக்கு முகத்தை மறைக்கத் திரும்பியபோது மதில்மேல் பார்வை போனது. அங்கே அமர்ந்திருந்த உயிர்ப்புறாக்கள் அத்தனையும் மேற்கே, காற்றுக்கு எதிராக முகம் வைத்திருந்தன. பின்னாலிருந்து காற்று வீசினால் இறகு கலைந்துவிடும். எழுவதற்கும் இறங்குவதற்கும் எதிர்க்காற்றுத்தான் அவற்றுக்குத் தோது. இது தெரிந்ததும் நாம் கூவிய கூவல் அரசிக்கு அழகில்லை என்று பின்னர் அமைச்சர் சொன்னார். ஓடிப்போய் ஒவ்வொன்றாக எல்லாப் பொய்ப்புறாவையும் மேற்கே திருப்பினோம். சோளத்தட்டை மறைப்புக்குப் பின்னால் மண்ணில் படுத்துக்கொண்டோம்.

அவை வந்தன. முதலில் ஒன்று, வட்டமிட்டுப் பார்த்து, பிறையின் நடுவே காலை நீட்டி இறங்கியது. பின்னால் ஒரு கூட்டம். நாம் செய்த அந்த இரண்டாவது உருவின் பக்கத்தில் ஒன்று நின்று, அதன் குன்றிமணிக் கண்ணைத் தலை சாய்த்துப் பார்த்தது. மூச்சு விடவும் அஞ்சிக் கிடந்தோம். உண்டைவில் பக்கத்திலேயே இருந்தது. அதை எடுக்க வேண்டும் என்ற எண்ணமே வரவில்லை. அப்படி ஒரு மகிழ்ச்சி நமக்கு முடிசூட்டிய நாளிலும் இருந்ததில்லை.

எழுந்து திரும்பிப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. கழனிவாயிலின் கொடிப்பறவைகள் அத்தனையும் மாண்குன்றத்து அரண்மனைக்கு வாலைக் காட்டிக்கொண்டு நின்றன. வாலைத் தூக்கி, நன்றாகத் தெரியும்படி. பயற்றூரில் மேற்கே பார்த்தால் உனக்கு அவமதிப்பு. இங்கே அதே மேற்கைப் பார்த்தால் எமக்கு அவமதிப்பு. நாம் எவர் கையை வெட்டுவது? நட்டவர் நாமே.

கார்த்திகை பிறந்ததும் மேல்காற்று அடங்கி வாடை திரும்பும். அப்போது பயற்றூர் நிலத்தில் அதே வீரணன் அதே புறாக்களை நட்டால், அவை வடகிழக்கே கழனிவாயில் கோட்டையை நோக்கித் தலை தாழ்த்தும். என் கொடிப்பறவை என்னையே வணங்குகிறது என்று மகிழ்ந்து நீ அவனுக்குப் பட்டாடை போர்த்துவாய். பனிக்காலத்தில் பட்டாடை பெறப்போகும் அதே ஆளின் கையை ஆடியில் வெட்ட வேண்டுமா? காற்று திரும்பும்வரை காத்திருக்க அவனுக்குத்தான் நாள் இல்லை.

இனி உன் கேள்விக்கு விடை. இதுவரை நாம் என்று எழுதுவித்தேன். எழுத்தரை அனுப்பிவிட்டேன்; இதற்குமேல் எழுத்தாணி என் கையில். இதை அக்காள் சொல்கிறாள்.

அந்த உருக்களுக்குப் பின்னால் நான் இல்லை. என்னைப் பார்த்து எவரும் தலைகுனிய வேண்டும் என்று, அதிலும் நீ குனிய வேண்டும் என்று, நான் ஒருபோதும் விரும்பியதில்லை. ஆனால் வெற்று நிலத்தில் சுரைக்காய் குனிந்ததைப் பார்த்தும் உனக்கு நான்தான் தோன்றினேன். அது என்னைச் சுட்டது. தந்தை அரியணையோடு மலையை எனக்கும், அதற்குக் கீழ்ப்பட்ட சமவெளியை உனக்கும் வைத்துப் போனது உன் நெஞ்சில் இன்னும் முள்ளாக இருக்கிறது போலும். இருந்தால் அதை என்னிடம் கொண்டுவா. சண்டை போடுவோம், கத்துவோம், மூன்று நாள் பேசாமல் இருப்போம், பிறகு சேர்ந்து உண்போம். ஒரு வேட்டுவன் கைமேல் அதைத் தீர்க்காதே. தன் மனைவியின் கையைக் காக்கத் தன் கையை நீட்டியவன் அவன். அப்படிப்பட்டவர்கள் உன் நாட்டில் இருப்பது உனக்குப் பெருமை.

ஆகவே ஆணை கேள். இது வேண்டுகோள் அன்று. இவ்வோலை கண்டவுடன் வீரணனின் கட்டு அவிழ்க்கப்படுக. அவன் உருக்கள் ஒன்றும் சிதையாமல் அவனிடம் தரப்படுக. காட்டுக்குள் ஓடியோர் அச்சமின்றி ஊர் திரும்பலாம் எனப் பயற்றூர் மன்றத்தில் பறை அறைவிக்கப்படுக.

சபையறிய விதித்த தண்டத்தைத் திரும்பப் பெற்றால் வேந்தன் சொல் தாழும் என்று உன் பக்கத்தில் எவரேனும் ஓதுவார்கள். புறா உருச் செய்த கை துணிக்கப்பட வேண்டும் என்பதே உன் தீர்ப்பு. அப்படியே ஆகட்டும். நானும் செய்திருக்கிறேன், பசையும் சாம்பலும் இன்னும் நகத்தில் இருக்கின்றன, தேய்த்தும் போகவில்லை. நீ இதைப் படிக்கும்போது நானும் ஒச்சாயியும் ஆற்றைக் கடந்திருப்போம். முழுமதி நாளில் உன் கோட்டை வாயிலில் அந்த வெட்டுமரத்தின் மேல் முதலில் வைக்கப்படுவது என் கை. அடுத்தது அவளுடையது. அவற்றின்பின் வீரணனுடையது. வாளை எவரிடம் கொடுப்பது என்று நீயே முடிவு செய்துகொள்.

மலை அசையாதவரை இவ்வாணை அசையாது. மாண்குன்றத்து வரையாட்டு முத்திரை இதன் கீழே இட்டேன். அதன் பக்கத்தில் உள்ள சாம்பல் கறை என் பெருவிரல்.

நீ நடை பழகியபோது பற்றிக்கொண்ட விரல் அது.

இவை கொற்றவேண்மாள் கைப்பட எழுதியவை.